பக்கவாத்திய தர்மம்

சபா அழைப்பிதழ்களில் ஒரு சொற்றொடர் வருஷா வருஷம் அச்சாகிறது: 'வளர்ந்து வரும் இளம் கலைஞர்.' பாடுகிறவருக்கு இதைப் போடும்போது குழப்பம் ஏதும் இல்லை. அவர் சின்ன மேடையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்; நாளைக்குப் பெரிய மேடையின் நடுவில் உட்காரப் போகிறார். ஒரு வயலின்காரப் பையனுக்கு இதே சொற்றொடரைப் போட்டால் மட்டும் அது என்ன சொல்ல வருகிறது என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கிருந்து எங்கே வளர்கிறான்? பக்கத்திலிருந்து நடுவுக்கா? அப்படியானால் பக்கம் என்பது வெறும் காத்திருப்பு அறை. அங்கே அவன் செய்வதெல்லாம் நடுவுக்குப் போகக் கட்டும் வாடகை. அங்கேயே அறுபது வயதுவரை உட்கார்ந்திருந்தவர்களை என்ன சொல்வது? வளராதவர்கள் என்றா?

இந்த யோசனை சும்மா வரவில்லை. சென்ற டிசம்பரில் நடந்த ஒன்றில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே மேலே போக முடியும்.

நான் இருப்பது பட்டாபிராமில். ஆவடிக்கு மேற்கே, இந்துக் கல்லூரி ஸ்டேஷன் தாண்டி அடுத்தது. சங்கீத உலகத்தின் வரைபடத்தில் இப்படி ஓர் ஊர் கிடையாது. 2024இல் திறந்த டைடல் பார்க் கட்டடம் ஒன்று இப்போது ரயிலிலிருந்து தெரிகிறது. அதற்கு முன்பு வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் வண்டி நிற்கும் ஓர் இடம், அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஒரு பையன் வயலின் வாசிக்கிறான். பத்தொன்பது வயது. அப்பா ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். வீட்டில் பரம்பரைச் சங்கீதம் என்று ஏதும் இல்லை. பத்து வருஷமாக விடியற்காலையில் சரளி வரிசையில் தொடங்கி அகார சாதகம்போல வில்லை இழுத்து இழுத்து ஒரே ஸ்வரத்தில் நிற்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். முதல் மூன்று வருஷம் அது சித்திரவதை. தெருவில் சண்டைகூட வந்தது. பிறகு எப்போது அது சங்கீதமாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

டிசம்பரில் மயிலாப்பூரில் ஒரு சபாவில் மத்தியானக் கச்சேரி. டிக்கெட் கிடையாது; கூட்டமும் கிடையாது. பாடகர் ஓரளவு பெயர் வந்தவர், முப்பதைத் தாண்டியவர். பையன் பக்கவாத்தியம். என்னையும் வரச் சொன்னான். மின்சார ரயிலில் வயலின் பெட்டியைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு சென்ட்ரல்வரை. அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருமயிலை. வழியில் அதிகம் பேசவில்லை. பாடகர் என்ன பாடப் போகிறார் என்று தெரியுமா என்று கேட்டேன். "சொல்லல சார். மேடையில தெரியும்" என்றான். இது அலட்சியமில்லை, வழக்கமே இதுதான். நாடகக்காரனுக்கு ஒத்திகை உண்டு, மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு எழுதிய தாள் உண்டு. நம் வயலின்காரனுக்கு இரண்டும் இல்லை.

பிரதானமாக எடுத்துக்கொண்ட கிருதி ஆதி தாளம். எடுப்பு ஸமத்திலிருந்து அரை இடம் தள்ளி. கல்பனாஸ்வரத்தின் கடைசியில் பாடகர் ஒரு நீண்ட கோர்வை பாடினார். முன்கூட்டியே கட்டிவைத்த கோர்வை என்பது கேட்கும்போதே தெரிந்தது. ஆனால் கணக்கில் எங்கோ அரை இடம் சிந்திவிட்டது. முடிவு எடுப்பில் வந்து விழாமல் ஸமத்திலேயே விழுந்தது. அவர் கெட்டிக்காரர், கடைசி ஸ்வரத்தை அரை இடம் நீட்டிப் பிடித்து வரியை எடுத்துவிட்டார். ஒரு கணம்தான். எனக்குச் சங்கீதம் தெரியாது, தொடையில் தாளம் போடத் தெரியும். என் கை அந்தக் கணத்தில் தடுக்கிற்று. அடுத்து வயலின் முறை. பையன் தன் ஸ்வரங்களை வாசித்து அதே கோர்வையை எடுத்தான். அவன் கணக்கில் பிசகமாட்டான் என்பது பத்து வருஷம் சுவருக்குப் பின்னாலிருந்து கேட்டவனுக்குத் தெரியும். அவனும் ஸமத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். அதே ஸ்வரத்தை அதே அரை இடம் கார்வையாக நீட்டினான். வரியை எடுத்தான். பாடகரிடம் தவறாக இருந்தது இப்போது திட்டமாகிவிட்டது. இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நின்றால் அது அழகு. யாரும் பிசகு என்று சொல்ல முடியாது. மிருதங்கக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு காண்டீன். கையில் காப்பி டம்ளருடன் இருந்த ஒரு மூத்த ரசிகர் (டிசம்பர் முழுக்க எந்த சபாவிலும் முன்வரிசையில் காணக்கூடியவர்) பாடகரிடம் சொன்னார்: "எல்லாம் ஜோர். அந்த வயலின் பையனுக்குத்தான் கணக்குப் போதாது. உங்களையும் இடற வச்சுட்டான்." பாடகர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பரவாயில்லை. வளர்ந்து வர்ற பையன்" என்றார். நான் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். நடந்தது என்ன என்று அந்த இடத்தில் சரியாகத் தெரிந்தவர்கள் மூன்று பேர்: பாடகர், இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்த மிருதங்கக்காரர், நான். மூவரும் வாய் திறக்கவில்லை. என் காப்பி ஆறுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

திரும்பும் ரயிலில் வில்லிவாக்கம் தாண்டிய பிறகு கேட்டேன். வேணும்னேதானே அங்கே நிறுத்தினாய்?

"ஆமா சார்."

காண்டீனில் பேசினது தெரியுமா?

"கேட்டேன். வெளியிலதான் பெட்டி கட்டிட்டிருந்தேன்." கொஞ்சம் பொறுத்து, "அவரு எங்க போறாரோ அங்கதானே சார் நானும் போவணும்" என்றான். எங்கள் ஊர் வந்துவிட்டது; இறங்கிவிட்டோம்.

வித்வான்கள் இதைப் பக்கவாத்திய தர்மம் என்பார்கள். நடுவில் இருப்பவன் சறுக்கினால் தாங்குவது; அவன் சறுக்கலைக் காட்டிக் கொடுக்காதிருப்பது. தர்மம் என்ற சொல்லை நம் ஊரில் எதற்கு வேண்டுமானாலும் ஒட்டவைத்துவிடலாம் என்பதால் எனக்கு அதன்மேல் சந்தேகம் உண்டு. ஆனால் அவன் சொன்ன வாக்கியத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. ஒருவன் தவறும் இடத்துக்கும் கூடப்போவது தர்மமா? அங்கே போகும்போது, போனவன் பொய்யனாகிறானா, நண்பனாகிறானா, அல்லது வெறும் கூலியா?

இந்த வாத்தியம் நம்மிடம் வந்ததே பின்தொடரத்தான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி, குடும்பம் மணலியில் முதலியார் ஆதரவில் இருந்த காலத்தில், கோட்டை வெள்ளைக்காரர்களின் வாத்தியக் கோஷ்டியிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டார் என்பது சரித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த சமயம். (ஆக, வயலின் கர்நாடக சங்கீதத்துக்குள் நுழைந்த வாசல் தஞ்சாவூர் அல்ல, சென்னையின் வடக்கு ஓரம். பட்டாபிராம்காரன் இதில் அல்ப சந்தோஷம் அடைய உரிமை உண்டு.) தஞ்சை நால்வரில் வடிவேலுவுக்கு 1834இல் ஸ்வாதித் திருநாள் தந்த வயலின் திருவனந்தபுரத்தில். அதற்குப் பிறகு இருநூறு வருஷத்துக்குள் நம் பாட்டுக்காரர்கள் அது இல்லாமல் மேடை ஏறமுடியாது என்ற நிலை வந்துவிட்டது. வீணை இருந்தது, குழல் இருந்தது. ஏன் இது? குரலைப்போல் இழுத்து நீட்ட முடியும், குரல் வளையும் இடமெல்லாம் வளைய முடியும் என்பதுதான். வந்த வெளிநாட்டானை முதலில் தரையில் உட்கார வைத்தோம். தலைப்பை வலது காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்து, மோவாய்க்கு வேலையில்லாமல் செய்தோம். தாங்கும் பொறுப்பு போனதும் இடது கை விடுதலை பெற்றது, தந்தியின் முழு நீளத்துக்கும் வழுக்கி ஓட முடிந்தது, கமகம் சாத்தியமாயிற்று. தந்திகளின் சொந்த சுருதியைப் பிடுங்கிக்கொண்டு ஸ-ப-ஸ-ப என்று மாற்றினோம்.

அந்த ஸ எங்கே இருக்கும் என்பதும் அதன் கையில் இல்லை. ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆணுக்குத் தந்தி தளரவேண்டும். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்கு முறுகவேண்டும். திங்கட்கிழமை ஒருவர் தொண்டைக்கு, செவ்வாய்க்கிழமை வேறொருவர் தொண்டைக்கு. தன் வாத்தியத்தின் உடம்பையே அடுத்தவன் குரலுக்கு அளவெடுத்துத் தைத்துக்கொள்ளும் ஒரு வித்தையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தனியாக உட்கார்ந்து வாசிக்கும் அன்றுதான் வயலின்காரன் தன் சுருதி எது என்று தேர்ந்தெடுக்கிறான். சிலருக்கு அதைக் கண்டுபிடிக்கவே நாளாகிறது.

ஆலாபனை நடக்கும்போது வயலின்காரன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பாடகர் ஒரு பிடியைத் தொடங்குகிறார். அது எங்கே முடியும் என்று பாடகருக்கே சில சமயம் தெரியாது. பக்கத்திலிருப்பவன் ஒரு நூலிழை பின்னால் அதே பாதையில் வருகிறான். முந்தினால் அவமரியாதை, பிந்தினால் சுமை, சரியாகக் கூடவே வந்தால் பாட்டின் ஓரம் மங்கிப்போகும். அந்த நூலிழை இடைவெளியில்தான் முழுக் கலையும் இருக்கிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அவர் விட்டுப்போன ஸ்வரத்தை அணையாமல் பிடித்துவைத்திருக்க வேண்டும், அவர் வந்து வாங்கிக்கொள்ளும்வரை. தன் முறை வரும்போது அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் கிளிப்பிள்ளை. அவர் சொல்லாததைச் சொன்னால் போட்டி. அவர் சொல்ல நினைத்து விட்டதைச் சொல்ல வேண்டும். இதைச் செய்ய, தன் மனசுக்குள் அந்த நேரத்தில் தயாராக இருக்கும் அழகான பிடிகளையெல்லாம் ஒருவன் மௌனமாக்கிவைக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பேசும்போது நாம் உண்மையில் செய்வது என்ன? நம் பதிலைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். நம் இலக்கியக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். பதிலைத் தயார் செய்யாமல் கேட்பது ஒன்று உண்டு. அதை இரண்டரை மணி நேரம் மேடையில் எல்லோர் எதிரிலும் செய்துகாட்டுகிறவன் இந்த வயலின்காரன் ஒருவன்தான்.

ஸிமோன் வேய் கவனத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் பிரார்த்தனையையும் பள்ளிக்கூடப் பாடத்தையும் வைத்துத்தான். மயிலாப்பூருக்கு வந்திருந்தால் வேறு உதாரணம் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அதே வேய் 1934-35இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலிக்கு வேலை செய்தபோது கண்டது வேறொன்று: யந்திரத்தின் வேகத்துக்குக் கட்டப்பட்ட கவனம் மனுஷனைத் தின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பின்தொடர்வதில் இவ்வளவு இருக்கிறது என்றால் நடுவுக்குப் போக விரும்பியவர்கள் எதைத் தேடிப் போனார்கள்? மைசூர் சௌடையா நான்கு தந்தி போதாது என்று ஏழு தந்தி கட்டினார். ஒலிபெருக்கி இல்லாத காலம். பெரிய கூட்டத்தின் கடைசி வரிசைக்கு வயலின் எட்டவில்லை. கேட்கப்பட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான், மிக நியாயமான ஆசை. மைக் வந்ததும் அந்த ஏழு தந்திக்கு அவசியம் போய்விட்டது. துவாரம் வெங்கடஸ்வாமி நாயுடு கண் பார்வை குறைந்தவர். விஜயநகரத்திலிருந்து வந்து, தனியாக உட்கார்ந்து வயலினை மட்டும் கேட்கவைக்க முடியும் என்று காட்டினார். 1941இல் ம்யூசிக் அகாடமி அவரைத் தலைமையில் உட்கார வைத்தது. ஏழு வருஷம் கழித்து 1948இல் அதே இடத்தில் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை. இவர் பக்கவாத்தியத்துக்கென்றே பேர்போனவர். பெரிய பாடகர்கள் பலருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தே பெரியவரானவர். இவரை 'வளர்ந்து வரும்' என்ற சொற்றொடருக்குள் எப்படி அடைப்பது என்று அழைப்பிதழ் எழுதுகிறவர்கள் எனக்குச் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வியை முழுசாகப் போட்டுப் பார்க்கக்கூடியது லால்குடி ஜெயராமனின் வாழ்க்கை. 1930இல் பிறந்தவர், அப்பா கோபாலய்யரிடமே பாடம், பன்னிரண்டாவது வயதில் பக்கவாத்தியக்காரராக மேடை. பிறகு அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி, ஆலத்தூர் சகோதரர்கள் என்று அந்தத் தலைமுறையின் தொண்டைகள் எல்லாவற்றையும் ஒரு கை தூரத்திலிருந்து கேட்டார். இவர்களில் எந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி பாடுகிறவர்கள் இல்லை. அரியக்குடிக்குப் பக்கத்தில் காலப்பிரமாணம் ஓர் அங்குலம் நகரக்கூடாது, ஜி.என்.பி.யின் பிருகா பாய்ச்சலுக்குப் பின்னால் ஓட வேறு கால்கள் வேண்டும். ஆலத்தூர் கணக்குக்கு வேறு மூளை. மதுரை மணியின் ஸ்வரங்களுக்கு எல்லாவற்றையும் மறந்துவிட்டு மிதக்கத் தெரிய வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இத்தனை பேராகவும் மாறிப் பழகினான். 1965இல் எடின்பரோ விழா. மெனுஹின் தம் பாராட்டாக ஓர் இத்தாலிய வயலினை அவருக்குக் கொடுத்தது எல்லோரும் அறிந்த கதை. 1966இல் என். ரமணியின் குழலையும் வெங்கட்ராமனின் வீணையையும் சேர்த்துக்கொண்டு மூன்று வாத்தியக் கச்சேரி ஒன்றைக் கொண்டுவந்தார். தனிக் கச்சேரிகள், வர்ணங்கள், தில்லானாக்கள். அழைப்பிதழ் மொழியில் சொன்னால், வளர்ந்துவிட்டார்.

ஆனால் அந்தத் தனி வாசிப்பைக் கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு கிருதியை வாசிக்கும்போது சாகித்தியத்தின் எழுத்துகள் வில்லில் கேட்கின்றன. எந்த எழுத்து வல்லினம், எது மெல்லினம், பாடகன் எங்கே நாக்கை மேல் அண்ணத்தில் வைப்பான், எங்கே உதட்டைச் சேர்ப்பான் என்பதெல்லாம் வில்லின் அழுத்தத்தில் வந்துவிடுகிறது. வாத்தியம் பாடுவதுபோல் இருக்கிறது என்று ரசிகர்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்ட வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்தூலமான விஷயம் இது. இதைத் தனியறையில் உட்கார்ந்து சாதகம் செய்து யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டே வருஷக்கணக்காக வாசித்தவனுக்குத்தான் வரும். அவர் நடுவுக்கு வந்தபோது பக்கத்தை விட்டுவிட்டு வரவில்லை. ஏழெட்டுத் தொண்டைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தனி என்று நாம் சொல்லும் அந்தக் கச்சேரியில் அவர் பின்தொடர்ந்துகொண்டிருந்தது இப்போது மேடையில் இல்லாதவர்களை.

மெனுஹினுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். 1927இல், பதினொரு வயதில், நியூயார்க் கார்னகி மண்டபத்தில் பீத்தோவனின் வயலின் கான்சர்ட்டோ. வாத்தியக் குழு முழுவதும் ஒரு சிறுவனின் பின்னால். அவர் தொடங்கியதே நடுவில். எப்படி வாசிக்கிறோம் என்று தெரியாமலேயே வாசித்தவர், வளர்ந்த பிறகு கை தடுமாறத் தொடங்கி, வில்லை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொள்ள வேண்டிவந்ததை அவரே எழுதியிருக்கிறார். 1952இல் இந்தியா வந்தவர் பம்பாயில் பி.கே.எஸ். ஐயங்காரிடம் யோகம் கற்றுக்கொண்டது அந்தத் தேடலில் ஒரு பகுதி. 1966இல் பாத் நகர விழாவில் ரவி சங்கரோடு சேர்ந்து வாசித்தார். ஐம்பது வயதில், உலகப் புகழோடு, இன்னொருவர் வழியில் போய்ப் பார்க்க வந்தார். அதில் சங்கீதம் எவ்வளவு தேறியது என்பது வேறு விஷயம். அந்த இசைத்தட்டை நான் இரண்டாவது தடவை போட்டதில்லை. ஆனாலும் நம் வயலின்காரர்கள் பன்னிரண்டு வயதில் தொடங்கும் இடத்துக்கு அவர் ஐம்பது வயதில் வர விரும்பினார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் திருப்தி. பின்தொடர்தலே உயர்ந்தது, பணிவே கலை, பையா, போய் இன்னும் பத்து வருஷம் பக்கத்தில் உட்கார். பாடகர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், குருமார்களும் சொல்கிறார்கள், சபாச் செயலாளர்கள் மிகுந்த உற்சாகத்தோடு சொல்கிறார்கள். எல்லோருக்கும் லாபமாக இருக்கும் ஒரு உபதேசத்தைக் கண்டால் எனக்குப் பயம்.

பக்கத்தில் உட்காருவது எப்படியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெயர் சின்ன எழுத்தில். சன்மானம் பாடகருக்குக் கிடைப்பதில் ஒரு துண்டு. அதுவும் சில இடங்களில் பாடகர் கையால். ஆலாபனைக்குப் பாடகர் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, வயலினுக்கு நாலு நிமிஷம் என்று கண்ணால் சொல்வார். நன்றாக வாசித்துக் கைதட்டல் அதிகம் வாங்கினால் அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராது. பெண் பக்கவாத்தியத்தோடு பாடமாட்டேன் என்று சொன்ன ஆண் வித்வான்கள் உண்டு. அதை ஒரு கொள்கை மாதிரி பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு. எம்.எல். வசந்தகுமாரிக்கு வருஷக்கணக்காக வாசித்த ஏ. கன்யாகுமாரிக்கு 2016இல் சங்கீத கலாநிதி கிடைத்தது. வயலின்காரப் பெண் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. அகாடமி தொடங்கியது 1928. இந்த எண்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை பெண்கள் வீட்டுக்குள்ளேயே வாசித்துவிட்டுப் பெட்டியை மூடினார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. ஜாதியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் தெருப் பையன் மயிலாப்பூர் க்ரீன் ரூமில் தன் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி எதைப் பற்றி வருகிறது என்பது அவனுக்கு மனப்பாடம்.

ஆக, அந்தக் கவனம், அந்தக் காத்திருப்பு, பதிலைத் தயார் செய்யாத அந்தச் செவி (நான் இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதியதெல்லாம்), யாரிடமிருந்து பெறப்பட்டது? மறுக்க முடியாதவர்களிடமிருந்து. வேய் தொழிற்சாலையில் கண்டது இதைத்தான். ஷிஃப்டுக்குக் கட்டப்பட்ட கவனமும் கவனம்தான். அதை யாரும் தியானம் என்று சொல்வதில்லை. பையனின் அப்பா முப்பது வருஷம் ஒரு யந்திரத்தின் எதிரில் கவனமாக நின்றவர். அவரிடம் போய் உங்கள் கவனம் ஒரு ஆத்மீக சாதனை என்று சொல்ல எனக்கு வாய் வராது. மகனிடம் சொல்ல மட்டும் எப்படி வருகிறது? நடுவில் கச்சேரி கேட்டு நான் சுகப்பட்டேன் என்பதாலா? அடிமைக்குத்தான் உலகம் தெரிகிறது, எஜமானுக்குத் தெரிவதில்லை என்று ஹெகல் 1807லேயே எழுதிவிட்டார் என்று ஒரு நண்பர் என்னைச் சமாதானப்படுத்தினார். நல்லது. ஆனால் அதை அடிமையிடம் போய்ச் சொல்லி அவனை அங்கேயே இருக்கச் சொல்லும் உரிமையை ஹெகல் யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

சமீப வருஷங்களில் டி.எம். கிருஷ்ணா போன்றவர்கள் கச்சேரியின் வரிசையையும் உட்காரும் விதத்தையும் கலைத்துப் பார்த்தார்கள். பக்கவாத்தியக்காரரிடம் முதலடியை விட்டுக்கொடுத்தும் பார்த்தார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனாலும் விட்டுக்கொடுக்கிறவர் நடுவில் இருப்பவர்தான். விட்டுக்கொடுக்க ஏதாவது வைத்திருப்பவன்தானே விட்டுக்கொடுக்க முடியும்.

அந்த அரை இடத்துக்குத் திரும்புகிறேன். பையன் செய்தது பொய்யா? கான்ட்டிடம் கேட்டால் பதில் ஒன்றுதான். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் வாதாடியவர் அவர், ஒரு பாடகருக்காக வளையமாட்டார். வள்ளுவர் பொய்க்கும் ஓர் இடம் ஒதுக்கினார், அதனால் வரும் நன்மை குற்றமற்றதாக இருந்தால். இங்கே நன்மை என்ன? பாட்டு உடையவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நாற்பது பேருக்கு அந்தக் கிருதி முழுசாகக் கிடைத்தது. பையன் சரியான எடுப்பில் போய் விழுந்திருந்தால் அவன் சரி, பாடகர் தவறு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சங்கீதம் அங்கே ஒரு பரீட்சைத் தாளாகியிருக்கும். அவன் காப்பாற்றியது பாடகரையல்ல என்று நான் நம்ப விரும்புகிறேன். நடந்துகொண்டிருந்த பாட்டைக் காப்பாற்றினான். அது நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கும் சொந்தமில்லை, பக்கத்தில் இருந்தவனுக்கும் சொந்தமில்லை. இது வரையில் எனக்கு அவனிடம் குறை காண முடியவில்லை.

குறை ஆரம்பித்தது திரை விழுந்த பிறகு. மேடையில் அவன் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. காண்டீனில் மறைக்க என்ன காரணம்? அங்கே பாட்டு ஒன்றும் நடந்துகொண்டிருக்கவில்லை, உடைவதற்கு. பாடகர் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். 'என் பிசகு, பையன் தாங்கினான்.' அந்த ஒரு வாக்கியத்தால் அவன் செய்தது தர்மமாகியிருக்கும். சொல்லாததால் அது கூலி வேலையாகிவிட்டது. செய்தவன் கையில் இல்லாமல், அதைப் பெற்றுக்கொண்டவன் வாயில் போய் உட்கார்ந்திருக்கிறது அந்தச் செயலின் தரம். இது சரியா? ஒருவன் செய்த காரியத்தின் பெருமை இன்னொருவனுடைய நாணயத்தைப் பொறுத்திருக்குமா? இருக்காது என்று தர்க்கம் சொல்கிறது. ஆனால் அந்த ரயில் பெட்டியில் பையனின் எதிரில் உட்கார்ந்திருந்தபோது இருக்கும் என்றுதான் தோன்றியது.

பாடகரைச் சொல்லிக்கொண்டே போகிறேன். அவருக்காவது இழக்க ஒரு பெயர் இருந்தது. மிருதங்கக்காரருக்கு அடுத்த வாரம் அதே பாடகரோடு கச்சேரி. எனக்கு என்ன இருந்தது? சபாவில் எனக்கு யாரையும் தெரியாது. யாரும் எனக்கு ஒன்றும் தரப்போவதில்லை. உண்மையைச் சொல்ல அங்கே எனக்குக் காலணா செலவில்லை. 'நான் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன், ஸார், முதலில் இடறினது அவர் இல்லையோ' என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு அசட்டுச் சிரிப்பு, ஒரு முறைப்பு. பட்டாபிராமிலிருந்து வந்த ஒருவனுக்குக் கணக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் நினைத்துவிடுவார்கள் என்ற வெட்கம்தான் தடுத்தது. இத்தனை வருஷம் எழுதிய கட்டுரைகளில் எத்தனை பேரை நாணயமில்லாதவர்கள் என்று எழுதியிருக்கிறேன் என்பதை அன்று இரவு நினைத்துப் பார்க்காமல் இல்லை.

பொங்கல் கழிந்து அவன் வீட்டுக்கு வந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள்: பக்கவாத்தியம் வாசித்தது போதும், தனியாக வாசி, சினிமாப் பாட்டுகளைப் படம் பிடித்துப் போடு, ஆறு மாசத்தில் ஆள் தெரிந்துவிடும் என்று. தப்பான யோசனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவன் கையைப் பார்த்தேன். இடது கை விரல் நுனிகளில் தந்திக் காய்ப்பு. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. காண்டீன் விஷயத்தை எடுத்து, நான் அங்கே இருந்தும் பேசவில்லை என்று சொன்னேன். "தெரியும் சார், உங்களையும் பார்த்தேன்" என்றான்.

கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருந்தோம். அதே பாடகர் மாசிக்கு ஒரு கோயில் கச்சேரிக்குக் கூப்பிட்டிருக்கிறாராம்; பதில் சொல்லவில்லை. அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை அம்பத்தூரில் ஒரு பெண் பாடுகிறாள், ஐந்தரைக் கட்டை, அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறான். இப்போது போட்டிருக்கும் தந்தி அவ்வளவு முறுக்குத் தாங்காது, டவுனுக்குப் போய் வேறு வாங்க வேண்டும், கடை ஏழு மணிக்கு மூடிவிடுவான் என்று சொல்லி எழுந்துகொண்டான்.